ஏமாறும் உரிமை யாருக்கு?

(கோவில்பட்டியில் விளையாட்டு ஆர்வலர்கள் கூடிய மாலைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஹாக்கியைப் பற்றிப் பேச நான் வரவில்லை. கொல்லன் தெருவில் ஊசி விற்கிற துணிச்சல் எனக்குக் கிடையாது. முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அண்ணாச்சிமாரில் பலர் மாநில அணிக்கு ஆடியவர்களாக இருப்பீர்கள். பின்வரிசையில் இருப்பவர்கள் அவர்கள் ஆடியதைப் பார்த்தவர்கள். எந்த வருடம் எந்த மேட்சில் எந்த பெனால்டி கார்னரைக் கோட்டை விட்டார்கள் என்று இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறவர்கள். நான் பேச வந்தது அந்தப் பின்வரிசையைப் பற்றி. ரசிகர்களைப் பற்றி. இன்னும் குறிப்பாகச் சொன்னால், நேற்றுவரை கொண்டாடிய ஒருவர் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினார் என்ற செய்தியை டீக்கடையில் படித்துவிட்டு, பேப்பரை மடித்து வைத்து, மீதி டீயைக் குடிக்காமல் எழுந்து போகிறாரே, அந்த மனிதரைப் பற்றி.

உலகத்தில் இந்த மாதிரிக் காலைகளை அதிகம் பார்த்தவர்கள் சைக்கிள் பந்தய ரசிகர்கள்தான். டூர் டி பிரான்ஸ் என்று ஒரு பந்தயம். ஜூலை மாதம் மூன்று வாரம், மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல், ஆல்ப்ஸ் மலையும் பிரெனீஸ் மலையும் ஏறி இறங்கி. 1903இல் ஒரு விளையாட்டுப் பத்திரிகை தன் விற்பனையைக் கூட்டுவதற்காக ஆரம்பித்தது. இதைப் பார்க்க டிக்கெட் வேண்டாம். சாலையோரம் போய் நின்றால் போதும். முதல் நாளே போய் இடம் பிடித்து, சோறாக்கிச் சாப்பிட்டு, மறுநாள் கண்ணிமைக்கும் நேரத்தில் கடந்து போகிற ஒரு கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். நம் பக்கத்து மாட்டுவண்டிப் பந்தயத்துக்கு ரோட்டோரம் நிற்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பெரிய மாடா, சின்ன மாடா, பூஞ்சிட்டா என்று ஆரம்பித்து, எந்த ஊர் வண்டி, யார் சாரதி என்பதுவரை அவர்களுக்கு அத்துப்படி. இரண்டும் ஒரே வகை ரசனை.

அந்த டூரை 1999 முதல் 2005 வரை தொடர்ந்து 7 தடவை வென்றார் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங். அமெரிக்கர். 1996இல் அவருக்குப் புற்றுநோய். நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவிவிட்டது. அதிலிருந்து எழுந்து வந்து ஜெயித்தார் என்பதுதான் கதை. அவர் பெயரில் இருந்த அறக்கட்டளை வெளியிட்ட மஞ்சள் ரப்பர் வளையம் உலகம் முழுக்க 8 கோடி விற்றது. டூர் என்றால் என்னவென்றே தெரியாத நம் கல்லூரிப் பையன்கள்கூட ஒரு காலத்தில் அதன் நகல்களைக் கையில் மாட்டிக்கொண்டு திரிந்தார்கள். 2012இல் அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனம் அவருடைய பழைய அணித் தோழர்கள் பதினொரு பேரின் சாட்சியத்தோடு அறிக்கை வெளியிட்டது. அந்த அக்டோபரில் ஏழு பட்டங்களும் பறிபோயின. அடுத்த ஜனவரியில் தொலைக்காட்சியில் உட்கார்ந்து, ஆமாம், எடுத்தேன் என்றார்.

அவர் எடுத்தவற்றில் முக்கியமானது இ.பி.ஓ. என்ற மருந்து. ரத்தத்தில் சிவப்பணுக்களைப் பெருக்கும்படி நம் சிறுநீரகம் தானாகவே சுரக்கிற பொருள்தான் அது. ஊசி மருந்தாகவும் செய்கிறார்கள். டயாலிசிஸ் செய்துகொள்கிறவர் வீட்டில் யாராவது இருந்தால் அந்த ஊசியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ரத்தசோகையில் துவண்டு கிடப்பவரை எழுந்து நடக்க வைக்கும். கீமோதெரபி எடுத்தபோது ஆம்ஸ்ட்ராங்குக்கே அதை மருந்தாகக் கொடுத்திருக்கிறார்கள். நோயாளிக்கு நடக்கத் தெம்பு தருவது, ஆரோக்கியமானவனுக்கு மலையேறத் தெம்பு தருகிறது. அவ்வளவுதான் விஷயம்.

இதில் நான் அதிகம் யோசித்தது ஆம்ஸ்ட்ராங்கைப் பற்றி அல்ல. அவருடைய அணியில் உடம்பு பிடித்துவிடுகிற வேலை பார்த்த எம்மா ஓ'ரெய்லி என்ற பெண், 2004ஆம் ஆண்டிலேயே நடந்ததைச் சொல்லிவிட்டார். டேவிட் வால்ஷ் என்ற பத்திரிகையாளர் எழுதினார். அவர் எழுதிய பத்திரிகைமேல் ஆம்ஸ்ட்ராங் வழக்குப் போட்டுப் பணம் வாங்கினார். ரசிகர்கள் அப்போது யார் பக்கம் நின்றார்கள்? அந்தப் பெண்ணைத் தூற்றினார்கள். வால்ஷைப் பொறாமைக்காரன் என்றார்கள். எட்டு வருடம் கழித்து, 'எங்களை ஏமாற்றிவிட்டான்' என்று கண்ணீர் விட்டவர்களில் அவர்களும் உண்டு. ஆக, ஏமாற்றம் என்று நாம் சொல்வதில் கொஞ்சம் நாமே தேடிக்கொண்டதும் இருக்கிறது.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். தொழில்முறை சைக்கிள் பந்தயம் நமக்குப் புதுசு என்று யாராவது நினைத்தால் தப்பு. ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் நினைத்துப் பாருங்கள். அறுவடை முடிந்து கையில் நாலு காசு புரளும் சமயத்தில் ஊருக்குள் ஒரு சைக்கிள்காரர் வருவார். ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு, கோயில் பொட்டலில் நடுவே ஒரு கம்பு நட்டு, குழாய் ரேடியோ கட்டி, சுற்ற ஆரம்பிப்பார். மூன்று நாள், ஐந்து நாள், ஏழு நாள். காலைத் தரையில் ஊன்றக் கூடாது. சாப்பாடு சைக்கிளில். குளிப்பு சைக்கிளில், குடத்தை யாராவது எடுத்து நீட்ட, ஓட்டிக்கொண்டே வாங்கித் தலையில் ஊற்றிக்கொள்வார். வேட்டி சட்டை மாற்றுவதும் அதன் மேலேயே. சாயங்காலமானால் வித்தைகள்: பின்பக்கமாக வளைந்து தரையில் கிடக்கும் ரூபாய் நோட்டை வாயால் எடுப்பது, டியூப் லைட்டை நெஞ்சில் அடித்து உடைப்பது. 'மேலத்தெரு நாட்டாமை அவர்கள் அன்பளிப்பு ரூபாய் ஐந்து' என்று மைக்கில் சொல்லிச் சட்டையில் நோட்டைக் குத்துவார்கள். கடைசி நாள் மாலை, மரியாதை, வசூல்.

தீப்பெட்டி ஆபீஸ் விட்டு வருகிற பெண்கள் பொட்டலில் நின்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். நாங்கள் சின்னப் பையன்கள். எங்களுக்கு அவர் எம்.ஜி.ஆருக்கு ஒரு படி கீழே. ஆனால் ஊரில் ஒரு கேள்வி ஓடிக்கொண்டே இருக்கும்: "ராத்திரி ரெண்டு மணிக்கு மேல எறங்கிருவாம்லே?" அதற்காகவே இளவட்டங்கள் பொட்டலில் படுத்துக் கிடப்பார்கள். முறைவைத்து விழித்திருப்பார்கள். சிலருக்கு எப்படியாவது கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும். சிலருக்கு அவர் இறங்கவில்லை என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு, மறுநாள் பக்கத்து ஊர்க்காரனிடம் சத்தியம் பண்ண வேண்டும். இரண்டு கட்சிக்கும் வேலை ஒன்றுதான்: தூங்காமல் பார்ப்பது. மூன்றாம் நாளில் சைக்கிள்காரருக்குக் கண் சொக்கும்போது அவரோடு பேச்சுக் கொடுத்து எழுப்பி விடுகிறவர்களும் அவர்களே. கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொண்டுவந்து கொடுப்பதும் அவர்களே. (இதில் ஒரு வேடிக்கை: 2003 முடிகிறவரை காப்பியில் இருக்கிற காஃபீன்கூட ஓர் அளவுக்கு மேல் போனால் தடை செய்யப்பட்ட பொருள்தான். எங்கள் ஊர் இளவட்டங்கள் பூராவும் ஊக்கமருந்து சப்ளை கேஸில் உள்ளே போயிருக்க வேண்டியவர்கள்.)

இதே காட்சி நூற்றுச் சொச்சம் வருடத்துக்கு முன் நியூயார்க்கில் நடந்திருக்கிறது. ஆறு நாள் பந்தயம் என்று பெயர். மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கத்துக்குள் 1890களில் ஒற்றை ஆளாக ஆறு நாளும் சுற்றுவார்கள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போக வேண்டும், அதனால்தான் ஆறோடு நிறுத்திக்கொண்டார்கள். அங்கே கறுப்புக் காப்பியோடு போகவில்லை. கொகெயின், ஸ்ட்ரிக்னைன் என்று எல்லாம் உள்ளே போயிற்று. ஸ்ட்ரிக்னைன் எலி மருந்து. கொஞ்சமாகக் கொடுத்தால் தசை துடிக்கும் என்பதற்காகக் கொடுத்தார்கள். ஓட்டுகிறவர்களுக்குப் பிரமை தட்டும். கடைசி இரண்டு நாளில்தான் அரங்கம் நிரம்பும். ஏனென்றால் ஜனங்கள் பார்க்க வந்தது பந்தயத்தை அல்ல, மனிதன் சிதைவதை. பிறகு, ஒரு ஆள் ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்று சட்டமே போட வேண்டி வந்தது. அதற்குப் பின் இரண்டு இரண்டு பேராக ஜோடி போட்டு ஓட்டினார்கள்.

டூரிலும் அப்படித்தான். 1926இல் அதன் மொத்தத் தூரம் 5,745 கிலோமீட்டர். அதற்கு இரண்டு வருடம் முன்னால், பெலிசியே சகோதரர்கள் பந்தயத்தை விட்டு நடுவழியில் இறங்கி, ஒரு காப்பிக்கடையில் அல்பேர் லோந்த்ர் என்ற பத்திரிகையாளரிடம் பையைத் திறந்து காட்டினார்கள்: கண்ணுக்குக் கொகெயின், ஈறுக்குக் குளோரோஃபாம், அப்புறம் மாத்திரைகள். ஒளிவு மறைவு இல்லை. நீங்கள் கேட்கிற தூரத்தை ஓட்ட இதெல்லாம் இல்லாமல் முடியாது என்று சொல்லாமல் சொன்னார்கள். கேட்டது யார்? தூரத்தைக் கூட்டிய பத்திரிகை முதலாளி. அவர் கூட்டினால் பத்திரிகை விற்கும் என்று காட்டியவர்கள் ரசிகர்கள். 1967இல் டாம் சிம்ப்சன் என்ற ஆங்கிலேயர் வான்து மலையில் சைக்கிளிலிருந்து விழுந்து செத்தார். உடம்பில் ஆம்ஃபெட்டமைன் இருந்தது. வெயில், சாராயம், மருந்து, மலை, எல்லாம் சேர்ந்து கொன்றது. இன்றைக்கு அந்த இடத்தில் நினைவுக்கல் இருக்கிறது. சைக்கிள் பிரியர்கள் ஏறிப்போய் வணங்கிவிட்டு வருகிறார்கள்.

நாம் ஐரோப்பாக்காரர்கள் மாதிரி இல்லை, வீரனிடம் நாம் தூரமும் கேட்பதில்லை, மலையும் கேட்பதில்லை என்பீர்கள். சரி, நாம் கேட்பது என்ன? அதற்குத்தான் கோமதியின் கதை.

2019 ஏப்ரல் 22. தோஹாவில் ஆசியத் தடகளப் போட்டி. பெண்கள் 800 மீட்டர். திருச்சிப் பக்கம் முடிகண்டம் கிராமத்துக் கோமதி மாரிமுத்து கடைசி மீட்டர்களில் சீனாவின் வாங் சுன்யூவை முந்தித் தங்கம் வாங்கினார். நேரம் 2 நிமிடம் 2.70 விநாடி. அந்தப் போட்டியில் இந்தியாவுக்கு முதல் தங்கம் அதுதான். அப்போது அவருக்கு வயது 30. விடியுமுன் எழுந்து பஸ் பிடித்துப் போய்ப் பயிற்சி செய்தவர், தகப்பனாரை இழந்தவர், பயிற்சியாளரை இழந்தவர். அவர் காலில் இருந்த ஷூ இரண்டு காலுக்கும் இரண்டு நிறம். அதில் ஒன்று கிழிசல் என்று படம் போட்டுப் பரப்பினோம். அது எனக்கு ராசியான ஷூ என்று அவரே சொல்லிப் பார்த்தார். நாம் கேட்கவில்லை. நமக்கு அது கிழிந்த ஷூவாகத்தான் வேண்டியிருந்தது.

நம் பக்கம் அப்போது ஓட்டப்பிடாரம் இடைத்தேர்தலுக்கான நேரம். கட்சிகள் போட்டி போட்டுக்கொண்டு லட்சங்களை அறிவித்தன. நடிகர்கள் கொடுத்தார்கள். வாட்ஸ்அப்பில் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு சித்தப்பா, கிழிந்த ஷூ படத்தை அனுப்பி, 'பகிர்ந்தால் தமிழன்' என்று எழுதினார். சரியாக ஒரு மாதம் தாண்டவில்லை. மே மூன்றாவது வாரம், ஓட்டப்பிடாரத்தில் ஓட்டுப்போட்ட மை காய்வதற்குள், செய்தி வந்துவிட்டது. நான்ட்ரோலோன் வகை ஸ்டீராய்டு. இரண்டாவது மாதிரியைச் சோதித்தபோதும் முடிவு மாறவில்லை. தெரிந்து எதையும் எடுக்கவில்லை என்று அவர் மறுத்தார். 2020இல் நான்கு வருடத் தடை உறுதியானது. தங்கம் திரும்பப் பெறப்பட்டது.

இங்கே ஒரு விவரத்தைக் கவனிக்க வேண்டும். சிக்கிய முதல் மாதிரி தோஹாவில் எடுத்தது அல்ல. அதற்கு ஒரு மாதம் முன்னால், மார்ச்சில், பாட்டியாலாவில் ஃபெடரேஷன் கோப்பைப் போட்டியில் எடுத்தது. அதன் முடிவு நேரத்துக்கு வந்திருந்தால் அவர் தோஹாவுக்கு விமானமே ஏறியிருக்க மாட்டார் என்று தடகளச் சம்மேளனமே குறைபட்டுக்கொண்டது. மேடையும் இல்லை, தேசிய கீதமும் இல்லை, லட்சமும் இல்லை, அவமானமும் இந்த அளவுக்கு இல்லை. தாமதமான ஒரு காகிதத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை. நம் கோபம் முழுவதும் ஒரு பெண்ணின் மேல்தான் போய் விழுந்தது.

டீக்கடையில் அப்போது இன்னொரு குரலும் கேட்டது. "நம்ம பிள்ளை ஜெயிச்சா இப்படித்தான் ஏதாவது சொல்லிப் பிடுங்கிருவாங்க. சாந்திக்கும் இதைத்தானே பண்ணாங்க?" இதை விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்திரராஜன் 2006இல், இதே தோஹாவில், இதே 800 மீட்டரில், ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெள்ளி வாங்கியவர். அவர் எந்த மருந்தும் எடுக்கவில்லை. பாலினச் சோதனை என்ற பெயரில் அவர் பிறந்த உடம்பையே குற்றமாக்கிப் பதக்கத்தைப் பறித்தார்கள். அது விதியின் கொடுமை. அன்றைக்கு முதலமைச்சர் கருணாநிதி 15 லட்ச ரூபாயைக் கொடுத்தது கொடுத்ததுதான் என்று நின்றார். அது அவர் செய்த நல்ல காரியங்களில் ஒன்று. ஊர் பெயரும் தூரமும் ஒன்றாக இருக்கிறது என்பதற்காக இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டினால், சாந்திக்கு நடந்த அநியாயம் மருந்துச் சந்தேகத்தில் அழுக்காகிவிடும். ரசிகர்கள் செய்கிற பெரிய தீங்கு, ஆத்திரத்தில் இப்படி எல்லாவற்றையும் கலந்துவிடுவது.

தோஹாவில் ஏமாந்தவர் யார் என்று கேட்டால், வரிசையில் நமக்கு முன்னால் ஓர் ஆள் நிற்கிறார். வாங் சுன்யூ. கடைசி அடிகளில் முந்தப்பட்டு, இரண்டாவது படியில் நின்று, அடுத்தவர் நாட்டுப் பாட்டைக் கேட்டவர். அவர் தங்கம் பெற்றது ஒரு வருடத்துக்கு மேல் கழித்து, ஏதோ ஓர் அலுவலகத் தீர்ப்பில். அந்த நிமிடம் அவருக்குத் திரும்பக் கிடைக்காது. 2021இல் டோக்கியோ ஒலிம்பிக் 800 மீட்டர் இறுதியில் அவர் ஐந்தாவதாக வந்தார், 1 நிமிடம் 57 விநாடியில். தமிழ்நாட்டில் எந்தப் பேப்பரிலாவது அவரைப் பற்றி இரண்டு வரி வந்ததா? சீனாக்காரிதானே என்று விட்டுவிட்டோம்.

'எல்லாரும்தான் எடுக்கிறான், மாட்டுனவன் திருடன்' என்று ஒரு வாதம் உண்டு. மனம் நொந்த ரசிகர் வந்து சேருகிற கடைசி ஸ்டேஷன் அது. உலக அறிவு மாதிரித் தோன்றும். ஆம்ஸ்ட்ராங்கும் அதையேதான் சொன்னார்: எல்லோரும் எடுத்தார்கள், ஆகவே பந்தயம் சமம்தான் என்று. சமம் இல்லை. 1997இல் சைக்கிள் சம்மேளனம், ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று விதி போட்டது. இயற்கையிலேயே 47 இருக்கிறவன் மருந்தால் மூன்று புள்ளிதான் கூட்டிக்கொள்ள முடியும். 39 இருக்கிறவன் பதினொரு புள்ளி கூட்டலாம். நல்ல உடம்போடு பிறந்தவன் தோற்பான். மருந்துக்கு வாகான உடம்போடு பிறந்தவன் ஜெயிப்பான். அதற்கும் மேலே, எவ்வளவு, எப்போது என்று சொல்லத் தெரிந்த டாக்டர் வேண்டும். ஆம்ஸ்ட்ராங் ஃபெராரி என்ற இத்தாலிய டாக்டருக்குக் கொடுத்த பணம் பத்து லட்சம் டாலருக்கு மேல். ஆக அது ஆஸ்பத்திரி பில்லின் பந்தயம். காசு இருக்கிறவன் ஜெயிக்கிற பந்தயத்தைக் கரிசல்காட்டுப் பிள்ளை ஒருநாளும் ஜெயிக்கப் போவதில்லை.

எல்லோரும் எடுக்கவும் இல்லை. கிறிஸ்டோஃப் பாசோன் என்று ஒரு பிரெஞ்சுக்காரர். 1999 டூரில் ஓட்டிக்கொண்டே பத்திரிகையிலும் எழுதினார், இந்த வேகம் சுத்தமான வேகம் இல்லை என்று. ஓடுகிற பந்தயத்திலேயே ஆம்ஸ்ட்ராங் பக்கத்தில் வந்து, வீட்டுக்குப் போய்விடு என்றார். சொந்த அணிக்காரர்களே பேச்சை நிறுத்தினார்கள். பாசோன் பாதியில் விலகினார். இரண்டு வருடத்தில் பந்தயத்தையே விட்டுவிட்டு விளையாட்டு ஆசிரியர் வேலைக்குப் போய்விட்டார். இங்கே உடற்கல்வி ஆசிரியர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்கள் சாதிக்காரர் அவர். அதே காலத்தில் ரிஷார் விராங்க் என்பவர் 1998இல் அணியோடு பிடிபட்டு, இரண்டு வருடம் அழுது மறுத்து, 2000இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு, தடை முடிந்து திரும்பி வந்து, 2004 டூரில் மலையேற்றத்துக்கான மலைராஜா பட்டம் வாங்கினார். பிரெஞ்சு ரசிகர்கள் சாலையோரம் நின்று அவர் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். அழுதவன் நம்ம பையன் ஆகிவிட்டான். உண்மை சொன்னவனை யாருக்கும் ஞாபகம் இல்லை.

இந்தியாவில் நிலைமை எப்படி? உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் கணக்கில் 2023இல் இந்தியாவில் எடுத்த 5,606 மாதிரிகளில் 214இல் தடைப் பொருள் கிடைத்திருக்கிறது. அந்த அளவுக்குச் சோதனை நடத்திய நாடுகளில் விகிதக் கணக்கில் நமக்குத்தான் முதலிடம். அதே வருடம் செப்டம்பரில் டெல்லி மாநிலத் தடகளப் போட்டிக்குச் சோதனை அதிகாரிகள் வந்துவிட்டார்கள் என்று தெரிந்ததும், ஆண்கள் 100 மீட்டர் இறுதிப் போட்டிக்கு ஒரே ஒரு பையன் மட்டும் வந்து நின்றான். மற்றவர்களைக் காணோம். ஒரு பெண், எல்லைக் கோட்டைத் தாண்டியும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தாள், பின்னால் அதிகாரி துரத்த. சிரிப்பு வருகிறதுதான். ஆனால் அவர்கள் ஒலிம்பிக் பதக்கத்துக்கு ஓடியவர்கள் இல்லை. ஒரு மாநில அளவுச் சான்றிதழுக்கு ஓடியவர்கள்.

அந்தச் சான்றிதழின் விலை இந்தச் சபைக்குத் தெரியும். மானாவாரி நிலம், மழை பெய்தால் உளுந்தும் பருத்தியும், பெய்யாவிட்டால் தீப்பெட்டி, பட்டாசு. அதைத் தாண்டி வெளியே போக இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஹாக்கி மட்டை ஒரு வழி. ரயில்வே, வங்கி, வருமான வரி, போலீஸ் என்று எத்தனை வீடு அந்த மட்டையால் ஓடு மாறி மெத்தையாகியிருக்கிறது! விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் இடம் என்றால் அது ஒரு குடும்பத்துக்கு மூன்று தலைமுறைச் சோறு. பிரான்ஸில் ஒருவன் மருந்தடித்து ஜெயித்தால் ரசிகனுக்கு ஒரு ஜூலை மாதம் பாழ். இங்கே ஒருவன் மருந்தடித்து மூன்றாவதாக வந்தால், நான்காவதாக வந்த பிள்ளை தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறது. அதன் பெயர் எந்தத் தீர்ப்பிலும் வராது.

தண்டனை என்று வந்தால் சட்டம் ஒன்றைத்தான் பார்க்கிறது: உடம்பில் இருந்தால் பொறுப்பு உடம்புக்குச் சொந்தக்காரருக்கு. யார் கொடுத்தார், என்ன சொல்லிக் கொடுத்தார் என்பதெல்லாம் நிரூபித்தால்தான் உண்டு. 2010 குவாங்சோ ஆசியப் போட்டியில் 4x400 தங்கம் வாங்கிய பெண்கள் அணியின் நால்வரில் மூவர், அடுத்த வருடச் சோதனையில் சிக்கினார்கள். பயிற்சியாளர் யூரி ஒகோரோட்னிக் வாங்கிக் கொடுத்த ஜின்செங் சத்து மாத்திரைதான் காரணம் என்றார்கள். பெண்களுக்கு இரண்டு வருடத் தடை. பயிற்சியாளரை அனுப்பினார்கள், சில வருடம் கழித்து அதே வேலைக்குத் திரும்பக் கூட்டி வந்தார்கள்.

ஆகவே நான் கேட்பது இதுதான். 30 வயதில் தோஹாவில் ஜெயித்த கோமதிக்கு 20 வயதில் ஷூ இருந்ததா என்று கேட்டவர் யார்? அவர் முகாமில் என்ன சாப்பிட்டார், யார் ஊசி போட்டார், காயம் பட்டபோது யார் பார்த்தார் என்று விசாரித்த ரசிகர் மன்றம் எது? பதக்கம் வந்த அன்று போனோம்; சிறுநீர்ப் பாட்டில் வந்த அன்று திரும்பினோம். நடுவில் இருந்த பத்து வருடமும் விளையாடுகிறவர் பக்கத்தில் நிற்பது யார் தெரியுமா? பவுடர் டப்பாவோடு வருகிறவன்தான். ஏனென்றால் அவன் ஒருவனுக்குத்தான் அந்த உடம்பின் மேல் தினசரி அக்கறை. ஏழு ராத்திரி பொட்டலில் விழித்துக் கிடந்த எங்கள் ஊர் இளவட்டம், எட்டாம் நாள் 'ஏமாத்திட்டான்' என்று சொன்னால் அதில் நியாயம் உண்டு. காப்பி கொடுத்தவன், காவல் இருந்தவன். ஒரு படத்தை ஃபார்வர்டு செய்தவருக்கு அந்த உரிமை எங்கிருந்து வந்தது?

கோவில்பட்டிக்காரர்களுக்கு அந்த உரிமை இருக்கிறது என்று நான் நினைக்கிறேன், முகஸ்துதிக்குச் சொல்லவில்லை. லட்சுமி அம்மாள் கோப்பை ஹாக்கிப் போட்டி நடக்கிற நாட்களில் கேலரியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு விளையாட்டு விடுதிப் பையன்களின் பெயர் தெரியும். எவனுக்கு முழங்கால் வலி, எவன் வீட்டில் கஷ்டம் என்று தெரியும். மாரீஸ்வரன் சக்திவேலும், அரியலூரிலிருந்து இங்கே வந்து பயிற்சி எடுத்த கார்த்தி செல்வமும் 2022இல் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை ஆடி வெண்கலம் வாங்கியபோது, இந்த ஊருக்கு அவர்கள் புதுமுகம் இல்லை. மட்டை பிடிக்கத் தெரியாத வயதிலிருந்து பார்த்த முகம்.

அந்தப் பார்வையை மைதானத்துக்கு வெளியேயும் கொஞ்சம் நீட்டுங்கள் என்று கேட்கத்தான் வந்தேன். தெருவுக்குத் தெரு ஜிம் வந்துவிட்டது. புரோட்டீன் பவுடர் என்று டப்பா விற்கிறார்கள். லேபிளில் எழுதாததும் உள்ளே இருக்கலாம், அதனால் தடை வாங்கியவர்கள் உலகம் முழுக்க உண்டு. 'சளிக்கு மாத்திரை' என்று மெடிக்கலில் வாங்கி விழுங்குவதில்கூடத் தடைப் பொருள் இருக்கக்கூடும். தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 'நோ யுவர் மெடிசின்' என்று ஒரு செயலி வைத்திருக்கிறது. மருந்தின் பெயரைப் போட்டால் கூடுமா கூடாதா என்று சொல்லும். பையனின் அப்பாவுக்கு அது தெரியாது. போனை நோண்டத் தெரிந்த ரசிகர், கேலரியில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர், சொல்லிக் கொடுக்கலாம். டப்பாவில் என்ன இருக்கிறது என்று கேட்டால் சொல்லத் தயங்குகிற பயிற்சியாளர் எந்த ஊரில் இருந்தாலும், அடுத்த நாளும் போய் அதையே கேட்கலாம்.

முன்வரிசையில் ஓர் அண்ணாச்சி கடிகாரத்தைப் பார்க்கிறார். கோமதியைப் பற்றி ஒன்று பாக்கி இருக்கிறது. அவருடைய தடை 2023 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. விதிப்படி அவர் அதன்பிறகு எந்த மைதானத்திலும் இறங்கலாம், பயிற்சி கொடுக்கலாம், பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்து நடந்ததைச் சொல்லலாம். என்னிடம் கேட்டால், அவர் சம்மதித்தால், அடுத்த வருடம் இதே மேடைக்கு அவரைக் கூப்பிடுங்கள் என்பேன். கிழிந்த ஷூவைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். மார்ச்சில் கொடுத்த மாதிரிக்கு மே மாதம்வரை என்ன நடந்தது என்று கேளுங்கள். அவர் சொல்வதை நம்புவதா இல்லையா என்று பிறகு டீக்கடையில் சண்டை போட்டுக்கொள்ளலாம்.